அத்தான் காருக்குக் கோப முகம்

என் அக்கா கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விசாரிக்க வந்தவர்கள் முதலில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். குடிக்கிறாரா, கை நீட்டுகிறாரா, வேறு யாராவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். காரணம் தெரிந்ததும் சிரித்துவிடுவார்கள். அத்தானுக்குக் கோபம் வருவதில்லை. அவ்வளவுதான் காரணம்.

"சிரிக்காதீங்க. கூட இருந்து பார்த்தாத்தான் தெரியும்" என்பாள் அக்கா. எது சொன்னாலும் "சரிம்மா". சுவருக்கு நீலம் அடிக்கலாமா? சரிம்மா. வேண்டாம், மஞ்சளே இருக்கட்டுமா? சரிம்மா. ஒரு நல்ல சண்டைக்கு ஏங்கிப்போய், அவள் வேண்டுமென்றே ஒருநாள் அவர் சட்டையைத் தேய்க்காமல் விட்டாள். மனுஷன் கசங்கின சட்டையோடு ஆபீஸ் போய்விட்டு வந்து, "இன்னைக்குச் சட்டை ரொம்ப மெதுவா இருந்துச்சும்மா" என்றாராம். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர்.

அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வைத்ததும் அவள்தான். இரண்டு கதவு, சிவப்பு நிறம், இரண்டு பக்கமும் வட்ட விளக்கு, பலர் கை மாறி வந்த பழைய வண்டி. ஆனாலும் சாவியைத் திருப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இதை ஓட்டினாலாவது ரோஷம் வரும் என்று நினைத்தாள். அத்தான் ஓட்டிக்கொண்டு போனால் சைக்கிளில் போகிறவர்கள் முந்திப் போய், வண்டியில் ஏதாவது கோளாறா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் பெட்டியைத் தூக்க வைத்தது கார் நிறுத்தும் இடம். அவர்கள் குடியிருப்பில் அத்தானுக்கென்று ஒதுக்கின இடத்தில் கீழ்வீட்டுக்காரர் தன் காரை நிறுத்தத் தொடங்கினார். அத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருக்கோடியில் நிறுத்திவிட்டு மழையில் நனைந்தபடி நடந்து வந்தார். "போய்க் கேளுங்க" என்றாள் அக்கா. "பாவம், விடும்மா" என்றார். அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றாள்.

இதில் பாவம் நான்தான். கீழே என் பட்டறை, மேலே வீடு. காரின் ஹெட்லைட்டுக்கு முகம் மாற்றிக் கொடுப்பது என் தொழில். விளக்கைக் கழற்றி, ஓவனில் வைத்துச் சூடு காட்டினால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை இளகும். அப்போது பிரித்து, உள்ளே கறுப்பு அடிக்கலாம், ஒளி வளையம் வைக்கலாம், இமை வைக்கலாம். இமை என்பது கறுப்புத் தகட்டில் சாய்வாக வெட்டின ஒரு துண்டு. வட்ட விளக்கின் மேல்பக்கம் அதை வைத்தால், சாதுவாக முழித்துக்கொண்டிருந்த கார் முறைக்க ஆரம்பித்துவிடும். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்பது இந்த முறைப்பைத்தான். அப்படிக் கேட்கிறவர்கள் ஏன் எல்லாரும் பரம சாதுவாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கினதே இல்லை.

அக்கா வந்த முதல் வாரம் சமையலறையை மாற்றி அடுக்கினாள். என் மனைவிக்கு வாயெல்லாம் பல். "அண்ணி வந்தப்புறம்தான் வீடு வீடா இருக்கு" என்றாள். இரண்டாம் வாரம் பட்டறைக்கு இறங்கினாள். என் திருகாணிகள் ஊறுகாய் பாட்டில்களுக்குள் போயின. மூன்றாம் வாரம், ஜன்னல் வெளிச்சம் என் முதுகில் விழுகிறதாம், கண் கெட்டுவிடுமாம், நான் இல்லாத நேரத்தில் என் வேலை மேஜையை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றவன், இப்போது ஜன்னலைப் பார்த்து நின்றேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்து கூரையைப் பிரிப்பாள் என்று வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அத்தான் காரோடு வந்து நின்றார்.

"மச்சான், இதுக்குக் கொஞ்சம் கோபமான முகம் வச்சுத் தர முடியுமா?"

"எதுக்கு அத்தான்?"

"உங்க அக்காவுக்குப் பிடிக்கும்னு தோணுச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பெண்டாட்டி உன்னைக் கோபப்படச் சொன்னால் நீ காருக்குக் கோபத்தை வைக்கச் சொல்கிறாயே, வயிற்றுவலிக்காரன் கண்ணாடிக் கடைக்குப் போனானாம் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், இதைச் சாக்காக வைத்து அக்காவை அந்தக் காரில் ஏற்றி அனுப்பிவிடலாம். என் திருகாணிகள் என் கைக்குத் திரும்பி வரும். "அரை நாள் வேலை அத்தான், உட்காருங்க" என்றேன்.

என் பட்டறைச் சுவரில் ஒரு பலகை உண்டு: 'விளக்கு திறந்திருக்கும்போது வாய் மூடியிருக்கட்டும்.' வேடிக்கைக்கு எழுதினது இல்லை. விளக்கின் உள்ளே வெள்ளி பூசின கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் எச்சில் ஒரு துளி பட்டால் துடைக்க முடியாது. துடைத்தால் வெள்ளியும் சேர்ந்து வந்துவிடும். அதனால் கண்ணாடியைப் பிரித்ததிலிருந்து திரும்ப ஒட்டுகிற வரைக்கும் இந்த அறையில் யாரும் பேசக் கூடாது. ஃபேன்கூடச் சுற்றாது.

இரண்டு விளக்கையும் பிரித்து வைக்கவும் அக்கா கீழே இறங்கி வரவும் சரியாக இருந்தது. கத்தரிக்கோல் தேடி வந்தாளாம். அத்தானைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் பலகையைக் காட்டினேன். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது அவள் முகத்தில் தெரிந்தது. போயிருக்கலாம், போகவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அத்தானை முறைத்தாள். அந்த முறைப்பை அப்படியே வெட்டி விளக்கில் வைத்திருந்தால் நான் பெரிய ஆளாகியிருப்பேன். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுநடுவே என் கையையும் பார்த்தார்.

கண்ணாடியைக் கவிழ்த்துத் துணிமேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து இமையை இறக்குவது என் வழக்கம். இத்தனை வருஷமாக விளக்கின் உச்சி என் பக்கம் இருக்கும்படி வைத்துத்தான் வேலை. மேஜையைத் திருப்பிப் போட்ட அக்கா, அதன்மேல் விளக்கை உட்கார வைக்கிற அச்சை மட்டும் பழைய திசையிலேயே திரும்ப வைத்திருந்தாள். இப்போது உச்சி ஜன்னல் பக்கம். கைக்கு அது தெரியுமா? கை பழகின இடத்தில், என் பக்கமாக, இமையை வைத்து ஒட்டியது. எது மேல் என்று காட்ட ஓரத்தில் ஒரு சின்னக் காது இருக்கும். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. இரண்டாவது விளக்கையும் அதேபோல முடித்தேன். பசை இறுகினதும் காரில் மாட்டி, தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

முதலில் சிரித்தது எதிர்க்கடைத் தையல்காரர். பிறகு நானும் முன்னால் போய்ப் பார்த்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு இரண்டு காலும் சறுக்கியிருந்தது. இமை இரண்டும் கீழ்ப்பக்கம் இருந்தன. கண்ணின் மேல்பாதி மூடினால் முறைப்பு. கீழ்ப்பக்கம் மூடினால், கன்னம் மேலே ஏறிக் கண்ணைச் சுருக்கி, மனசு விட்டுச் சிரிக்கிற முகம். அந்தச் சிவப்புக் கார் தெருவைப் பார்த்து, ரொம்ப நாள் கழித்து சொந்தக்காரரைக் கண்ட மாதிரி சிரித்துக்கொண்டு நின்றது.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?" அக்காவுக்கு ஒருவழியாக வாய் திறந்தது.

"மேஜையைத் திருப்பினது யாரு?"

"மேஜையைத் திருப்பினா மூளையும் திரும்பிடுமா? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!"

"உன்னை யாரு என் பட்டறைக்குள்ள வரச் சொன்னது?"

"என் புருஷன் வாயில்லாப் பூச்சின்னுதானே இப்படிப் பண்ணின? வேற ஒருத்தர் காருன்னா பண்ணுவியா?"

சண்டை போடுவது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை. அப்பா காலத்திலிருந்து வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் நடுத்தெருவில் வெளுத்துக்கட்டினோம். என் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். கடைசியில் நான், "சரி விடு, திறந்து மாத்தி ஒட்டித் தொலைக்கிறேன்" என்றேன்.

"வேணாம் மச்சான்."

எங்கள் சத்தத்தில் அது யாருக்கும் விழவில்லை. அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அத்தான் இன்னொரு தடவை, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், "வேணாம்" என்றார்.

அக்கா நிறுத்தினாள். "என்ன வேணாம்?"

"மாத்த வேணாம். எனக்கு இது பிடிச்சிருக்கு."

"தப்பா வச்சிருக்கான்ங்க, தலைகீழா!"

"தெரியும். வைக்கும்போதே பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மாவா நின்னீங்க? பலகையைப் பார்த்துப் பயந்துட்டீங்களா? கையைக் காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருந்தா உடனே சரி பண்ணியிருப்பாரு. அதான் காட்டலை."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நானும்தான். கல்லுளிமங்கன் என்று இவரை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மௌனத்துக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்ததே இல்லை.

"அப்ப, இத்தனை வருஷமா நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னு சொன்னீங்களே?" அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அதுல பாதி எனக்கும் வேண்டியதுதான்."

"மீதி?"

"எனக்கு வேண்டாம்தான். உனக்கு வேணும்னு இருந்துச்சு. விட்டுட்டேன்."

"எது எது?"

அத்தான் யோசித்தார். அவசரமே இல்லை. "சுவருக்கு நீலம் அடிச்சிருக்கலாம். இந்த வண்டி எனக்கு ஆரம்பத்துல இருந்தே பிடிக்கலை. இந்த முகம் வந்தப்புறம் பரவாயில்லை. நம்ம இடத்துல கீழ்வீட்டுக்காரரை நிறுத்தச் சொன்னது நான்தான். அவர் வீட்டம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு, தெருக்கோடியில இருந்து நடக்க முடியலை."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா சண்டைக்குப் போவ."

போயிருப்பாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தையல்காரருக்கும் தெரியும். அக்கா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் மனதுக்குள் சுவரும் சட்டையும் வண்டியுமாக ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து போவது அவள் கண்ணில் தெரிந்தது. எங்கே போய் நிற்கும் என்று நான் புரிந்துகொள்வதற்குள் கேட்டே விட்டாள்.

"நம்ம கல்யாணத்துக்கு? அன்னைக்குச் சொன்ன சரி?"

"அன்னைக்கு நான் சொல்லலை. எங்க அப்பா சொன்னார். என்னை யாரும் கேக்கலை, நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்." அத்தான் அவளை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. எப்போதும் பேசுகிற அதே குரல்தான். "இப்ப நீ கேளு. சொல்றேன்."

எங்கள் வீட்டில் கேள்வி கேட்கப் பிறந்தவள் அக்கா. வாத்தியாரைக் கேட்பாள், டாக்டரைக் கேட்பாள், வாசலில் தபால் கொடுக்க வருகிறவரை நிறுத்தி வைத்துக் கேட்பாள். அவள் உதடு பிரிந்தது, திரும்ப மூடிக்கொண்டது. அத்தான் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பதில் என்ன என்று எனக்கே தெரிந்தது. கேளேன்க்கா, நல்ல பதில்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பெட்டி மேலேயே இருந்தது; என் மனைவி கூப்பிட்டுச் சொன்னது அவள் காதில் விழவில்லை. கார் கிளம்பி, அவர் வழக்கப்படி நடக்கிற வேகத்தில் போனது. திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தலையும் அசையவில்லை.

அவள் எப்போது போவாள் என்று மூன்று வாரமாகக் காத்திருந்தவன் நான். மேஜையைத் திரும்ப இழுத்துப் போடக்கூட எனக்குக் கை வரவில்லை. என் அக்கா ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.