நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்

செயலிகள் தகவல்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் லைப்ரரி ஒன்றை நான் எழுதிப் பராமரிக்கிறேன். புதிதாக வந்த மொபைல் இயங்குதளத்திலும் அது ஓட வேண்டுமென்று மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். அந்த இயங்குதளம் உள்ள போன் என் மனைவியிடம்தான் இருந்தது. கெஞ்சி வாங்கி, கணினித் திரைக்குப் பின்னால் வயரில் சொருகிவைத்தேன்.

குளித்துவிட்டு வந்து, லைப்ரரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை அந்தப் போனில் ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டும் முதல் முறையிலேயே தேறின. எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருஷத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை. வரி வரியாகத் துருவிப் பார்த்தும் ஒரு குறைகூட அகப்படவில்லை.

மாலையில் மனைவி வேலையிலிருந்து வந்தாள். கையில் அதே புதுப் போன்.

“அப்ப இங்க சொருகியிருக்கிறது?”

“என் பழைய போன். சார்ஜ் இல்லாம கெடந்துச்சு, காலையில நீங்க குளிக்கப் போனப்ப மாத்திச் சொருகிட்டுப் போனேன். ஏன்?”

பழைய போனில் தேறாமல் என்ன செய்யும்? அதிலுள்ள பழைய இயங்குதளத்தில் லைப்ரரி ஆறு வருஷமாக ஓடுகிறது. புதுப் போனை வாங்கிச் சொருகினேன். பதினேழு சோதனைகள் தோற்றன. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“தோத்ததுக்கா இப்படிப் பல்லக் காட்டுறீங்க?”

“பதினேழு தோத்துச்சுன்னா, மிச்சம் முன்னூத்தித் தொண்ணூத்தஞ்சும் நெசமாவே ஓடுதுன்னு அர்த்தம்.”