டெய்லர் அக்கா வெட்டிய நீலச் சட்டை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டெய்லர் அக்காவின் கதை. அவரிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன். போன வாரம் ஒரு துணிக்கடையில் நின்றிருந்தபோது மேசைமேல் கத்தரி ஓடும் சத்தம் கேட்டது. வாங்க வந்ததை மறந்துவிட்டு வீடு திரும்பி, எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதி அடித்த வரிகள் இவை:

'ஆம்புலன்ஸ் உதவியாளர் பயிற்சியில் நான் சேர்ந்ததற்குக் காரணம் சேவை' — இதை நானே நம்பவில்லை. வேறு வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

'அன்று வானம்' — வானத்தை அன்று யாரும் பார்க்கவில்லை.

ஆகவே இப்படி: டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. நாள் முழுக்க ரப்பர் வாசனை. பன்னிரண்டு பேர், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு பொம்மை. அதன் நெஞ்சில் முப்பது முறை அமுக்கி, இரண்டு முறை மூச்சு ஊதவேண்டும். இப்போதும் மாடிப்படி ஏறும்போது என் வாய் முப்பதுவரை எண்ணுகிறது.

2

எல்லோரும் ஜோடி சேர்ந்தபின் மிச்சம் நின்றது நாங்கள் இருவர்: பத்தொன்பது வயதில் நான், முப்பத்தெட்டு வயதில் டெய்லர் அக்கா. "தெச்சுத் தெச்சு கழுத்து போச்சு. ஓடியாடிச் செய்யற வேலையா வேணும்னு வந்துட்டேன்" என்றார்.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வருகிறது. எழுத எழுத அவர் நல்லவராகிக்கொண்டே போகிறார். உண்மையில் என் பேனாக்கள் மூன்று அவரிடம் போய்த் திரும்பவில்லை. "அமுக்கச் சொன்னா தடவிக் குடுக்கிற" என்று எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கியிருக்கிறார்.)

காயம் தெரிய உடையை வெட்டுவதும் ஒரு பாடம். ஒருவர் பழைய சட்டை போட்டுப் படுக்க, இன்னொருவர் இருபது நொடிக்குள் வெட்டி எடுக்கவேண்டும். நாங்கள் கிழித்துத் தள்ளினோம். அக்கா மட்டும் தையலைத் தேடிப்பிடித்து, அதன்மேலேயே கத்தரியை ஓட்டுவார். ஒரு நிமிஷம் ஆகும்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். சிஸ்டர் என்போம். அவர் கேட்டார்: "ஏம்மா, துணி முக்கியமா, ஆள் முக்கியமா?"

"ஆள்தான் சிஸ்டர். ஆனா பொழைச்சு எழுந்தா எதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவார்?"

அறையே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நடுவுல வெட்டக் கத்துக்கலைன்னா உங்களைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன்."

3

மூன்றாம் மாதம் எங்களை நிஜ ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நடுப்பகல். நாற்சந்தியில் ஒரு வேன், பைக்கில் வந்தவரை அடித்துப் போட்டிருந்தது. முப்பது வயதிருக்கும். நீலச் சட்டையின் இடப்பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது.

வண்டியில் எங்களோடு வந்த சீனியர் உதவியாளர் என்னை அடிபட்டவரின் தலைமாட்டில் மண்டியிடச் சொன்னார். தலை அசையாமல் இரு கையாலும் பிடித்துக்கொள்வது என் வேலை. "சட்டையை எடுங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, முறிந்த காலைப் பார்க்கப் போனார்.

அக்கா சட்டை நுனியைப் பிடித்தார். நின்றுவிட்டார்.

"காஜா கையால கட்டினது" என்றார், தனக்குள் பேசுவதுபோல. பித்தான் துளையைச் சுற்றிப் பொடிப்பொடியாக நூல் கட்டியிருந்தது. "வீட்ல யாரோ தெச்சிருக்காங்க."

('வெட்டுங்கக்கா என்று நான் கத்தினேன்' என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பொய். நான் வாயே திறக்கவில்லை. என் உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு மனிதனின் தலை சூடாக இருந்தது. பயத்தில் அழக்கூட வரவில்லை.)

"தம்பி, மன்னிச்சுக்கோப்பா" என்றார் அக்கா. கீழ்விளிம்பிலிருந்து கழுத்துப்பட்டிவரை, சட்டைப்பையைக் குறுக்கே பிளந்து, ஒரே இழுப்பு. பிறகு சட்டைக் கை. அக்குளுக்குக் கீழே காயம் வாய் திறந்திருந்தது. பஞ்சுத்துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

வண்டியில் அடிபட்டவர் ஒருமுறை கண் திறந்தார். "புதுசுக்கா."

"தெரியும்ப்பா. பேசாத."

மருத்துவமனை வாசல்வரை அக்கா கையை எடுக்கவில்லை.

4

வண்டியைக் கழுவும்போது சட்டைத் துண்டுகளை அக்கா தன் பைக்குள் சுருட்டி வைத்தார்.*

இரண்டு நாள் கழித்து அது துவைத்து, தேய்த்து, காகிதத்தில் பொதிந்து வந்தது. பிரித்துக் காட்டினார். சட்டைப்பைக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு தையல். "சாப்பாட்டு நேரத்துல வார்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று படியிறங்கினார்.

அங்கே என்ன நடந்தது? எழுதிப் பார்த்தேன். அடிபட்டவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அந்தச் சட்டையைத் தைத்தவள் பக்கத்தில் நின்று புதுத் தையலை விரலால் தடவுகிறாள். அல்லது, கட்டிலில் விரிப்பு மாற்றியிருக்கிறது, யாரும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அல்லது வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள், பொட்டலத்தைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

அக்காவைக் கேட்கலாம். பரீட்சையில் தேறிப் பதினான்கு வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியவர், எண் என்னிடம் இருக்கிறது. முந்தாநாள் கூப்பிட்டேன். அரைமணி நேரம் அவருடைய முட்டிவலியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

5

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரண்டரை மணிக்கு அக்கா திரும்பி வந்தார். கையில் பொட்டலம் இல்லை. முகம் கழுவியிருந்தார்.

"பார்த்தீங்களாக்கா?"

"யார் படுக்கிறது இன்னிக்கு, நீயா நானா?"

நான் படுத்தேன். அன்றைய பாடம் நாடித்துடிப்பு. என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். முப்பது நொடி முடிந்தது. அடுத்த ஜோடியைச் சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். அக்கா விரலை எடுக்கவில்லை; ஜன்னலைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டே இருந்தார். நானும் கையை இழுக்கவில்லை.

அந்த விரல்களை வைத்து ஒரு முடிவு சொல்ல எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

* காயம்பட்டவரின் உடைமையை வார்டில் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. அக்கா அதை மீறியதை இருபத்து மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.