ஒரே பேனரில் இரண்டு தலைவர்கள்

நடுவர்கள் வரமாட்டார்கள் என்று தெரிந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. கோல் கம்பங்களில் வலை கட்டியாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் வேனில் வந்து இறங்கி, வேலியோரம் உட்கார்ந்து பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் ராஜபாளையத்துப் பெண்கள் பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

தேவஇரக்கம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மருமகனிடம் வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலமாகியும் கோபம் வந்தால் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

“ரெண்டு பக்கமும் கைய விரிச்சுட்டானுவ, மாப்ள. ரெஃப்ரி கெடையாதாம். மைக்குல பேச வந்தவனும் நைசா நழுவிட்டான்.”

“ஏன் மாமா?”

“அந்தா தொங்குதுல்லா, அதான்.”

இரண்டு மூங்கில்களுக்கு நடுவே பேனர் தொங்கியது. ‘எலினா ஜெர்வின் நினைவு சுழற்கோப்பை’ என்ற எழுத்துக்கு அருகே எலினா, பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரித்தாள். கீழே வட்டத்துக்குள் இரண்டு பேர். இருவருமே வட்டாரக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர்கள். சங்கம் உடைந்து இரண்டு வருடமாகிறது. பெயர் ஒன்று, பலகை இரண்டு. ஒரு பலகை கடைத்தெருவில் ஒரு மாடியில் தொங்கியது, இன்னொன்று ரயில்வே கேட் பக்கம். அதனால் ஊரில் கடைத்தெருச் சங்கம், கேட் சங்கம் என்றே சொல்வார்கள். மாநிலச் சங்கம் எங்களைத்தான் ஏற்றுக்கொண்டது என்று இரண்டும் சொல்லும். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

யார் மனமும் கோணக்கூடாது என்று தேவஇரக்கம் இருவர் படத்தையும் ஒரே அளவில் போட்டிருந்தார். அச்சடிக்கும் கடையில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். அதுதான் வினையாகிவிட்டது. அவனையும் தலைவர் என்று போட்ட பேனருக்குக் கீழே எங்கள் நடுவர் விசில் ஊதமாட்டார் என்று இரண்டு சங்கமும், வார்த்தை மாறாமல், சொல்லிவிட்டன.

“வில்லிபுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். பழைய ரெஃப்ரி. கூட்டிட்டு வாரேன். ஒரு அரை மணி நேரம் சனங்களைப் பிடிச்சு வைங்க.”

“நானா?”

“பொறவு யாரு?” தேவஇரக்கம் பைக்கை உதைத்துக் கிளப்பினார். “எம் மக பேர்ல ஒரு ஆட்டம் நடக்கணும் மாப்ள. இன்னைக்கு நடக்கலைன்னா அது நடக்காமலே போயிரும்.”

ஜெர்வின் தலையசைத்தான். ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் அவன் அதைத்தான் செய்துவந்தான். போன மழைக்காலத்தில் டெங்குவில் எலினா இறந்தாள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. மாலையில் இரண்டு ஊர்ப் பெண்களையும் சேர்த்து வைத்துப் பந்து பழக்கினாள். இன்று ஆட வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் பழகியவர்கள். கோப்பை மாமனாரின் யோசனை. எந்தப் படம் போடலாம் என்று கேட்டார், ஜெர்வின் ஒன்றைக் காட்டினான். கோப்பை வெள்ளி நிறமா தங்க நிறமா என்று கேட்டார், தலையசைத்தான். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிக்குப் போனான், பாடம் எடுத்தான், கல்லூரி பஸ்ஸில் திரும்பினான். யாராவது அழுதால் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக்செட் பால்ச்சாமி கூப்பிட்டார். “சார், வாறீயளா? இல்லைன்னா நான் பாட்டைப் போட்டுருவேன். எங்கிட்ட கல்யாணப் பாட்டுதான் இருக்கு.”

ஜெர்வின் போய் மைக்கைப் பிடித்தான்.

“வணக்கம். ஆட்டம் கொஞ்சம் தாமதம்.”

“அது தெரியுதே சார்!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஜெர்வின் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். இரண்டு அணியும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ராஜபாளையம் அணித்தலைவி வெங்கடேஸ்வரியின் அம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளிடம் தெலுங்கில், “ரா அம்மா, இண்டிகி போதாம்” என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

“தாமதம் ஏன்னா, சங்கம் ரெண்டா இருக்கு,” என்றான். கூட்டம் சிரித்தது. “இது புதுசு இல்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனமே இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

எலினா பயிற்சியாளர் உரிமத்துக்குப் படித்தபோது அவன்தான் கேள்வி கேட்பான். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பதில் சொல்வாள். தவறாகச் சொன்னால் பூரிக்கட்டையால் அவனைத்தான் மிரட்டுவாள். அவள் தேர்வு எழுதிவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அவனுக்கு அத்தனையும் தலைக்குள்ளேயே கிடந்தது.

“வெள்ளைக்காரன் காலம். கல்கத்தாக்காரங்க, நாங்கதான் இந்தியான்னாங்க. மத்த மாகாணத்துக்காரங்க, அது எப்படின்னு தனியா ஒரு சங்கம் வெச்சாங்க. நாங்கதான் நாங்கதான்னு ரெண்டு வருஷம் சண்டை. கடைசியில முப்பத்தேழுல, சிம்லாவுல ராணுவத் தலைமையகத்துல எல்லாரையும் உக்கார வெச்சுத்தான் ஒண்ணாக்கினாங்க.”

“இங்கயும் மிலிட்டரியக் கூப்பிடுங்க!”

“அவருதான் பைக்கை எடுத்துட்டு வில்லிபுத்தூர் போயிருக்காரு,” என்றார் பால்ச்சாமி. சிரிப்பு வலுத்தது. வெங்கடேஸ்வரியின் அம்மா பையைக் கீழே வைத்தாள்.

ஜெர்வின் தொடர்ந்தான். “சுதந்திரம் கெடைச்ச மறுவருஷம் லண்டன் ஒலிம்பிக். பிரான்சுகூட ஆட்டம். நம்ம ஆளுங்கள்ல நெறைய பேர் வெறுங்கால். சில பேர் கட்டுத்துணி சுத்திக்கிட்டு ஆடுனாங்க.”

“கட்டுத்துணியா?” பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறையில் வேலை செய்யும் இசக்கியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். அவள் மகள் முனீஸ்வரி ராஜபாளையத்துக் கோல்கீப்பர். “நம்ம ஊர்லேர்ந்து போனதா சார்?”

“தெரியலைக்கா.”

“நம்ம ஊர்துதான். இல்லைன்னா பாதியில அவுந்துருக்கும். செயிச்சாவளா?”

“ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்தாங்க. ரெண்டு பெனால்டி கெடைச்சும் போடலை.”

“அப்ப அது நம்ம ஊர்து இல்லை,” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

ஐம்பதாம் வருஷத்து உலகக் கோப்பைக்கு பிரேசில் கூப்பிட்டும் இந்தியா போகாத கதையைச் சொன்னான். வெறுங்காலோடு ஆட விடவில்லை என்று ஊரெல்லாம் சொல்வதையும், அது மட்டும் காரணமில்லை என்று ஆட இருந்தவர்களே பிற்பாடு சொன்னதையும் சொன்னான். அன்றைக்கு சம்மேளனத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. கப்பலில் அவ்வளவு தூரம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார், நேற்று நடந்ததைப்போல.

மேற்கே மலைக்குமேல் வெயில் மங்கிக்கொண்டு வந்தது. இந்த மைதானத்தில் விளக்கு கிடையாது. அப்போதுதான் சங்கையா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கடைத்தெருச் சங்கத்தின் செயலாளர். மைக்குக்குப் பக்கத்தில் வந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்.

“தம்பி, எம்மேல கோவப்படாதிய. இந்த டோர்னமெண்ட்ல ஆடுற புள்ளைகளை அடுத்த மாசம் வட்டார டீம் செலக்சன்ல சேக்க மாட்டாவளாம். எங்க ஆளுவளும் சொல்லிட்டாவ, கேட் சங்கத்துக்காரவளும் சொல்லிட்டாவ. இதுல மட்டும் ஒத்துமை.”

“செலக்சன் யார் நடத்துறது?”

“அதுக்குத்தான கேஸ் நடக்கு.”

“ஒரு ஆட்டம்ணே. அதை எதை வெச்சு டோர்னமெண்ட்ங்கிறீங்க?”

சங்கையா விரலை மடக்கினார். “பேனர் இருக்கு. கப்பு இருக்கு. பேரு இருக்கு. மூணும் இருந்தா டோர்னமெண்ட்.” ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எலினா நல்ல புள்ள தம்பி. நான் செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்.”

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். ஜெர்வின் மறுபடி மைக்கை எடுத்தான்.

“பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டத்தை சம்மேளனம் ரொம்ப காலம் தொடவே இல்லை. எழுபத்தஞ்சு வாக்குல அவங்களுக்குன்னு தனியா ஒரு சம்மேளனம் வந்துச்சு. அவங்களே ஊர் ஊரா ஆடுனாங்க. கோழிக்கோட்டுல ஆசியப் போட்டி நடத்தி ரெண்டாவது வந்தாங்க. தொண்ணூறு வாக்குலதான் பெரிய சம்மேளனம் சேத்துக்கிச்சு.” நிறுத்தினான். இந்த இடத்தில் எலினா எப்போதும் ஒன்று சொல்வாள். அதையும் சொன்னான். “சேத்துக்கலைன்னு அவிய யாரும் பந்தை ஒளிச்சு வைக்கலை.”

வெங்கடேஸ்வரி மட்டும் கைதட்டினாள். அது எலினா அக்காவின் பேச்சு என்று அவளுக்குத் தெரியும்.

“அப்புறம் ரெண்டாயிரத்து இருபத்திரண்டு. சம்மேளனத்தை கோர்ட் போட்ட கமிட்டி நடத்துது, வெளியாள் தலையீடுன்னு, உலகச் சங்கம் ஃபிஃபா இந்தியாவையே தடை பண்ணிருச்சு. ஆகஸ்ட் மாசம். கேரளத்துப் பெண்கள் அணி ஒண்ணு ஆசியப் போட்டிக்கு தாஷ்கண்ட் போய் இறங்கிட்டு ஆடாமலே திரும்பி வந்துச்சு. பதினேழு வயசுப் பெண்களுக்கு உலகக் கோப்பை நம்ம நாட்டுல நடக்கணும், அதுவும் போகுமோன்னு இருந்துச்சு. அந்த மாசக் கடைசியிலயே தடையை எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள இங்க எலினா ஒரு போட்டி வெச்சிருந்தா. இதே மைதானம். நாடே தடையில இருக்கும்போது நீ எப்படி நடத்துவன்னு யாரோ போன் பண்ணாங்க. அவ உடனே...”

ஜெர்வின் பேச்சை விட்டான்.

அவள் உடனே போட்டியின் போர்டைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தாள். கப்பை அவன் மடியில் கொடுத்து, துண்டு போட்டு மூடிக்கொள்ளச் சொன்னாள். இப்ப இது பிராக்டீஸ், பிராக்டீஸுக்கு எவன் தடை போடுவான் என்று கேட்டுவிட்டு, கோட்டோரம் போய் நின்று கத்த ஆரம்பித்தாள். ஏட்டி, தலையத் தூக்கிப் பாரு! அன்று முழுக்க அவன் மடியில் ஒரு கப்பை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மைக்கை மேசையில் வைத்துவிட்டுச் சங்கையாவைப் பார்த்தான்.

“மூணும் இல்லைன்னா?”

“இல்லைன்னா சும்மா புள்ளைக வெளையாடுது. அதை யாரு கேக்கப்போறா?” சங்கையா வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த நேரம் தேவஇரக்கம் திரும்பிவந்தார். பைக்கில் பின்னால் யாரும் இல்லை. “அவனும் பயப்படுதான்,” என்றார். ஜெர்வின் சங்கையா சொன்னதைச் சொன்னான். பிறகு, தான் செய்யப்போவதைச் சொன்னான்.

கிழவரின் முகம் சிவந்தது. “எம் மக பேர எறக்கிட்டு என்ன ஆட்டம்? யாருக்கு ஆட்டம்?”

“அந்தப் பிள்ளைகளுக்கு மாமா. பேர் இருந்தா அவங்க செலக்சன் போயிரும்.”

“போட்டோவ மட்டும் கிழிச்சுருவோம். அந்த ரெண்டு மூதிகளோட மூஞ்சியையும்.”

“பேரும் இருக்கக்கூடாதாம்.”

“உங்களுக்கு அது பேருதான? வெறும் பேரு.” தேவஇரக்கத்தின் குரல் உடைந்தது. “ஒரு வருசமா ஒரு சொட்டுக் கண்ணீர் பாக்கலையே உங்க கண்ணுல.”

ஜெர்வின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூங்கிலடியில் போட்டு ஏறினான். கயிற்றின் முடிச்சை நகத்தால் நெருடினான். அசையவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தான். பக்கத்திலேயே எலினாவின் முகம், அவன் தலையைவிடப் பெரிதாக. பந்தைப் பிடித்த கையில் கல்யாண மோதிரம்கூடத் தெரிந்தது. வேன் டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தார். விரல் நுனியில் தோல் உரிந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

“இறங்குங்க,” என்று கீழேயிருந்து தேவஇரக்கம் சொன்னார். “அது நான் போட்ட முடிச்சு. உங்களுக்கு அவுறாது.”

ஜெர்வின் இறங்கினான். கிழவர் ஏறினார். அவர் கை பட்டதும் கயிறு நெகிழ்ந்து விழுந்தது. அடுத்த மூங்கிலுக்குப் போனார். அதுவும் விழுந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, முகம் உள்பக்கம் போகும்படி, போர்வை மடிப்பதைப்போல மடித்தார்கள். எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்க்கும்போது இருவர் கையும் தொட்டுக்கொண்டது. தேவஇரக்கம் மூக்கை உறிஞ்சினார். கோப்பை அட்டைப்பெட்டிக்குள் போய் மேசைக்கு அடியில் ஒதுங்கியது.

“இப்ப ரெஃப்ரி?” என்று வெங்கடேஸ்வரி கேட்டாள்.

“சும்மா வெளையாடுறதுக்கு நானே போதும். ரெஜிமெண்ட் டீமுக்கு ஊதினவன் நான். ஏட்டி, போய் நில்லுங்க ரெண்டு பக்கமும்!” தேவஇரக்கம் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போனார். விசில் இல்லை. இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஊதினார். எதிர்ச்சுவர்வரை போய் மோதித் திரும்பியது சத்தம். பந்து உருண்டது.

“நான் இங்க வரவே இல்லை, கேட்டியளா,” என்று சங்கையா சொல்லிவிட்டு, நன்றாகத் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பால்ச்சாமி குனிந்து கேட்டார். “சார், என்ன ஆட்டம்னு சொல்ல?”

“ஆட்டம்னு சொல்லுங்க. போதும்.”

காற்று எழுந்தது. மடித்த பேனர் பறந்துவிடாமலிருக்க ஜெர்வின் அதை நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்காரப்போனான். பாதியிலேயே நிமிர்ந்தான். உள்ளே அவள் முகம் இருந்தது. பேனரை எடுத்து நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு மைக் மேசையருகே நின்றான்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாவது பாதியில் வெளிச்சம் குறைந்து பந்து சாம்பல் நிறமாகியிருந்தது. வெங்கடேஸ்வரிக்கு நடுவில் ஒரு பந்து வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, காலையே பார்த்தபடி அதை உருட்டிக்கொண்டு ஓடினாள். இடப்பக்கம் ஒருத்தி தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெங்கடேஸ்வரி பார்க்கவில்லை.

“ஏட்டி, தலையத் தூக்கிப் பாரு!”

சத்தம் இரண்டு ஒலிபெருக்கியிலும் அதிர்ந்தது. மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. கத்தியது தான்தான் என்று ஜெர்வினுக்குச் சற்றுக் கழித்தே தெரிந்தது. மைதானத்தில் எல்லாரும் ஒரு கணம் திரும்பினார்கள். நடுக்கோட்டில் தேவஇரக்கம் நின்றுவிட்டார்.

வெங்கடேஸ்வரி மட்டும் திரும்பவில்லை. தலையைத் தூக்கினாள். இடப்பக்கம் பார்த்தாள். பந்தைத் தள்ளிவிட்டாள்.

கோல் விழுந்ததை ஜெர்வின் பார்க்கவில்லை. கண்ணை நீர் மறைத்தது. பேனரின் மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டான்.

பால்ச்சாமி கையை நீட்டி, மெதுவாக, மைக்கை அணைத்தார்.