தைசியா வீட்டுச் சமையலறை ஜன்னல்

எங்கள் வெர்க்னெயாரில் டிராக்டர் ஆலை மூடப்பட்ட அந்தக் குளிர்காலத்தில், தொழிலாளர் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில், தைசியா வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே 1976ஆம் ஆண்டு மறுபடி நடக்கத் தொடங்கியது. மற்ற வீட்டு ஜன்னல்களில் அணைந்துபோன புகைபோக்கியும், தகரம் திருடப்பட்ட பேருந்து நிறுத்தமும் தெரிந்தன. இந்த ஒரு ஜன்னலில் மட்டும் புகைபோக்கி புகைந்தது, முதல் ஷிப்டின் சங்கு ஊதியது, பாதையில் பனியை வாரி ஒதுக்கியிருந்தார்கள். முதலில் பார்த்தது தைசியாவின் கணவன் ஆர்செனி. ஆலையில் கிரேன் ஓட்டியவன். வேலை போன பிறகும் விடியற்காலையில் எழுந்துவிடுவான்.

"தைசியா, இங்க வா. நான் வேலைக்குப் போறேன் பாரு."

"எந்த வேலைக்கு? அதுதான் போயிடுச்சே."

"நான் இல்ல. அதோ கீழ, தலை நெறைய முடியோட போறேனே, அந்த நான்."

அவள் பார்த்தாள். அவன்தான். அவள் பின்னிக் கொடுத்து, பிற்பாடு பூச்சி அரித்த மப்ளர்கூட அவன் கழுத்தில் இருந்தது.

ஒரு வாரத்துக்குள் குடியிருப்பே வந்துவிட்டது. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, ஊறிய வெள்ளரிக்காயும் கறுப்பு ரொட்டியும் ஏந்திக்கொண்டு படிக்கட்டில் காத்து நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இறைச்சிக் கடை முன்னாலும் ஒரு வரிசை நின்றது.

"பச்சைத் தொப்பி போட்டிருக்கேனே, அது நான்தாண்டி. அவ்வளவு நேரம் நின்னு, என் முறை வந்தப்போ சாசேஜ் தீர்ந்துபோச்சு. அழுதேன் அன்னைக்கு" என்றாள் ஒருத்தி.

"தீர்ந்துபோறதுக்காவது அன்னைக்கு இருந்துச்சே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆலையில் கடைசல் பிடித்த சவேலிக்கு அந்தப் பேருந்து நிறுத்தத்தில் அவன் மனைவி தெரிந்தாள். அவள் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. யாரையோ எதிர்பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். சவேலி தினமும் வந்து பார்த்தான். ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் நகருங்க, எனக்கு லேட்டாயிடுச்சு" என்று சொல்லி ஜன்னலைத் திறந்து வெளியே கால் வைத்தான். அவன் விழுந்தது 1996ஆம் ஆண்டின் பனியில். அன்று மாலையும் கண்ணாடியில் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். அதன் பிறகு ஆர்செனி குடிக்க ஆரம்பித்தான். இரண்டு குளிர்காலம் தாண்டவில்லை. ஜன்னலோர நாற்காலியில் அவன் உயிர் போனபோது, கீழே, தலை நிறைய முடியோடு, அவன் சிநேகிதர்களோடு பகல் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அவர்களுடைய மகன் கிளெப் பழைய நாடு உடைந்த வருடம் பிறந்தவன். சமையலறைதான் கதகதப்பான இடம் என்பதால் அவன் கட்டிலை அங்கே போட்டிருந்தார்கள். அதனால் அவன் வளர்ந்தது முழுவதும் அந்த ஜன்னலைப் பார்த்துத்தான். வாழ்ந்தே இராத நாட்டை நினைத்து அந்தப் பிள்ளை ஏங்கியது. ஆலை இருந்த இடத்தில் எழுந்த சரக்குக் கிடங்குக்கு அவன் பின்னாளில் காவலாளி ஆனான்.

"நம்மகிட்டேருந்து திருடிட்டாங்கம்மா" என்பான் சாப்பிடும்போது.

"யாருடா?"

"எல்லாரும்."

புது நூற்றாண்டு பிறந்து சில வருடம் ஆனதும் ஜன்னல் பின்னோக்கி நகரத் தொடங்கியது. கார்கள் குறைந்தன, வீடுகள் தாழ்ந்தன, கடைசியில் போர்க்காலம் வந்தது. நீண்ட கோட்டு அணிந்த இளைஞர்கள் வரிசை வரிசையாக ரயிலடிக்கு நடந்தார்கள், மேலே பார்த்துக் கையசைத்தார்கள். நகராட்சி இதைக் கேள்விப்பட்டு மாடிப்படி நெடுகக் கொடிகள் நட்டது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டும் வேலையை கிளெப்புக்குக் கொடுத்தது. பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள். கிளெப்பின் முகத்தில் அப்படியொரு ஒளியைத் தைசியா அதற்கு முன் கண்டதில்லை. மே மாத வெற்றி நாள் ஊர்வலத்தில் எல்லோரும் போரில் மாண்டவர்களின் படங்களை ஏந்தி நடப்பார்கள். தைசியாவின் தாத்தா புரோஹோரும் போரில் மாண்டவர் என்றுதான் குடும்பத்தில் பேச்சு. படம் கிடையாது. பலகையில் பெயரை மட்டும் எழுதி கிளெப் தூக்கிக்கொண்டு போனான்.

ஜன்னல் அங்கேயே நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இருந்திருக்காது. ஒரு பிப்ரவரி காலையில், பிள்ளைகள் சூழ நின்றபோது, வெளியே 1938 வந்துவிட்டிருந்தது. மரத்தாலான தொழிலாளர் கொட்டகைகள். மூடிய லாரி ஒன்று. சில ஆட்களை வெளியே இழுத்து அதில் ஏற்றினார்கள்.

"துரோகிகளப் பிடிச்சிட்டுப் போறாங்க, பசங்களா" என்றான் கிளெப்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தைசியா திரும்பிப் பார்த்தாள். லாரிக்குப் பின்னால் ஒரு சிறுமி ஓடினாள்.

"கிளெப், அது என் அம்மாடா."

"எது?"

"அந்தப் பொண்ணு. ஒத்தைப் புருவம் வெள்ளையா இருக்கு பாரு. ஐயோ, ஒரு கால்ல பூட்ஸ் இல்லடா."

அவள் அம்மாவுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் கிடையாது. இயந்திரத்தில் சிக்கிப் போய்விட்டன என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்போ லாரியில ஏத்தினது..."

"புரோஹோர் தாத்தா."

லாரி திரும்பி மறைந்தது. சிறுமி பனியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் கிளெப்பின் முகத்தையே பார்த்தார்கள்.

"அப்போ அவரு ஏதாவது செஞ்சிருப்பாரும்மா. சும்மா யாரையும் பிடிக்க மாட்டாங்க."

தைசியா கையைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களக் கூட்டிட்டு வெளிய போ" என்றாள்.

நகராட்சி, ஜன்னலை மறைத்து ஒரு பெரிய துணியை மாட்டியது. போர்க்கால அணிவகுப்பை அதில் அச்சடித்திருந்தார்கள். வந்தவர்கள் துணியைப் பார்த்தும் முன்போலவே அழுதார்கள். அந்த மே மாதமும் கிளெப் புரோஹோர் தாத்தாவின் பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தென்மேற்கே சண்டை மூண்டபோது, அழைப்பு வரும் முன்னரே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"அங்க போய் என்னடா பண்ணப் போற?"

"நம்மது நமக்குத் திரும்ப வேணும்மா."

"எது நம்மது? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அவன் துணியைக் காட்டினான்.

இலையுதிர்காலத்தில் துத்தநாகப் பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள். சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு தைசியா துணியைக் கழற்றினாள், எந்த வருடத்திலாவது அவன் நடந்து போவான் என்று. ஜன்னலுக்கு வெளியே பைன் காடு நின்றது. ஆலை இல்லை, கொட்டகை இல்லை, பாதை இல்லை; மனித வாசனையே படாத பனி. அந்தக் குளிர்காலம் முழுக்க மரங்களுக்கிடையே அவள் மகனைத் தேடினாள். ஒரு மரங்கொத்தியையும், ஒரு தடவை ஓநாயையும் பார்த்தாள். வசந்தத்தில் தேடுவதை விட்டுவிட்டு ஜன்னலின் மேல்கதவைத் திறந்து வைத்தாள். துணியைத் திரும்ப மாட்ட நகராட்சியிலிருந்து வந்தவர் வெளியே எட்டிப் பார்த்தார், மாட்டிவிட்டு இறங்கிப் போனார். இப்போதும் மே மாதங்களில் ஜனங்கள் வந்து துணியின் முன் தொப்பியைக் கழற்றி நிற்கிறார்கள். பைன் பிசின் வாசனை கீழ்வாசல் வரை அடிக்கிறது. கொடிக்கம்பங்களுக்கு அடித்த வார்னிஷ் என்று பேசிக்கொள்கிறார்கள்.