மூன்றில் ஒரு நொடி

கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் மரைக்கே நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள். அறுபது போட்டிருந்தார்கள். அப்பாவின் சவப்பெட்டிக்கு எதிரே காலி நாற்காலிகள் வரிசையாகத் தெரியக் கூடாது. இருபது போதும்.

“எதுக்கும்மா மடக்குற?” என்றபடி எவால்ட் பெரியப்பா உள்ளே வந்தார்.

“யாரு வரப்போறாங்க பெரியப்பா?”

பெட்டியின் இருபுறமும் மலர்வளையங்கள் நின்றன. ஒன்றில் பச்சை நாடா, இன்னொன்றில் சிவப்பு. அவர் அவற்றைக் காட்டினார். “ரெண்டு கழகமும் அனுப்பியிருக்கே.”

“வளையம் அனுப்ப ஒரு போன் போதும்.”

கால்வாய்க்கு இந்தப் பக்கம் பச்சைக் கால்பந்துக் கழகம், அந்தப் பக்கம் சிவப்பு. அப்பா பதின்மூன்று பருவங்கள் பச்சையின் முன்கள ஆட்டக்காரர். நூற்று எண்பத்தேழு கோல். கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் முதல் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவார். குடும்பப் பெயரை அரங்கம் சொல்ல வேண்டும். “நோர்பர்ட்!” என்பார். முப்பதாயிரம் பேர் “சபோட்கா!” என்பார்கள். இப்படி மூன்று முறை.

முப்பத்துமூன்று வயதில், முட்டி தேய்ந்துவிட்டது என்று பச்சைக் கழகம் அவரை அனுப்பிவிட்டது. சிவப்பு கூப்பிட்டது, போனார். அந்த வருடமே பழைய அரங்கத்தில், பழைய கழகத்துக்கு எதிராக, எண்பத்தெட்டாவது நிமிடத்தில் கோல் அடித்தார். அதைக்கூட ஊர் பொறுத்திருக்கும். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மூலைக்கொடி வரை ஓடினார். அதைத்தான் பொறுக்கவில்லை.

“ஓடாம இருந்திருக்கலாம் அவன்,” என்றார் பெரியப்பா, அவள் நினைத்ததைக் கேட்டவர்போல. “ஆனா அவனால முடியாது. சின்னதுல என் சூப்புல கெடந்த கறியத் தூக்குனாக்கூட ரெண்டு கையையும் தூக்கிட்டு அடுப்பச் சுத்தி ஓடுவான்.”

அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: “பச்சைக் கழகத்தோட நூற்றாண்டு விழா அன்னிக்கு நீங்க பார்வையாளர் மேடையிலதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“வாயத் திறந்தீங்களா?”

பெரியப்பா ஒரு நாற்காலியை எடுத்தார். அதை மடக்கத் தெரியாதவர்போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பழைய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக மைதானத்துக்கு அழைத்தார்கள். “நோர்பர்ட்!” என்றார் அறிவிப்பாளர். அரங்கம் சும்மா இருந்தது. அப்பா கையை ஆட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார். திரும்பி வரும்போது காரில் மரைக்கேயிடம் அமைதியாக விளக்கினார். “தூரத்து மேடை நூத்திப்பதினஞ்சு மீட்டர்மா. சத்தம் வர மூணுல ஒரு பங்கு நொடி ஆகும். அதான் கொஞ்சம் நின்னு பாத்தேன்.” வீடு வந்ததும், “இன்னொரு தடவையும் நின்னு பாத்தேன்,” என்றார். அதற்குப் பிறகு பதினோரு வருடம், அரங்கத்துக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்ந்தும், அந்தப் பக்கம் போகவில்லை.

மணி அடித்தது. பாஸ்டரம்மா பெட்டியருகே வந்து நின்றார். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஊருக்குப் புதிது.

மரைக்கே முன்வரிசையில் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துக்க வீட்டார் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கதவின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தக் கதவின் தலையில் எண்ணெய் நிரப்பிய இரும்புக் கை ஒன்று உண்டு. யாராவது திறந்துவிட்டால் அவசரமே இல்லாமல் ஏழெட்டு நொடியில் மூடி, கடைசியில் ‘டக்’ என்னும். அவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஒன்பதாவது ‘டக்’ வரை எண்ணினாள். பத்தாவது வரவில்லை. யாரோ திறந்திருந்தார்கள், பின்கழுத்தில் நவம்பர்க் குளிர் பட்டது. ஆனால் கதவு மூடவில்லை. குளிர் வந்துகொண்டே இருந்தது. எண்ணெய் உறைந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

“இன்று நாம் வழியனுப்ப வந்திருப்பது,” என்று வாசித்தார் பாஸ்டரம்மா, “நோர்பர்ட்…”

தாளின் அடி வந்துவிட்டது. அவர் பக்கத்தைப் புரட்டினார். ஈரமான தாள், ஒட்டிக்கொண்டது.

“சபோட்கா.”

கத்தல் இல்லை. பேசுகிற அளவுக் குரல்தான். ஆனால் எத்தனை தொண்டைகள் என்று சொல்ல முடியாது. பின்வரிசையிலிருந்தும், வாசலிலிருந்தும், வாசலுக்கு வெளியே சரளைக்கல் பாதையிலிருந்தும் சேர்ந்து வந்தது. அது அடங்கிய பிறகு, தூரத்து மேடையிலிருந்து வருவதுபோலக் கொஞ்சம் பிந்தி, அவள் பக்கத்திலேயே ஒரு கரகரத்த குரல்:

“சபோட்கா.”

பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். எந்த வரியில் விட்டோம் என்று தேடினார்.

“இன்னும் ரெண்டு தடவை பாக்கி, பாஸ்டரம்மா,” என்றார் பெரியப்பா, பெட்டியைப் பார்த்தபடியே.

அடக்கம் முடிந்து காப்பிக்காகச் சபைக் கூடத்துக்கு எல்லோரும் நடந்தார்கள். மரைக்கே பின்வாசல் வழியாக முன்னாடியே சமையலறைக்குள் போனாள். வெண்ணெய்த் துகள் தூவிய கேக், ஒரே ஒரு தட்டு, இருபது துண்டு, மேசையில் தயாராக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வரிசை கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் தாண்டி நின்றது. பச்சைக் கழுத்துத்துணிகளுக்கு நடுவே சில சிவப்பும் தெரிந்தன.

அவள் கோட்டைக் கழற்றினாள். இழுப்பறையில் கத்தியைத் தேடி எடுத்து, முதல் துண்டை இரண்டாக வெட்டினாள். வரிசையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அந்தப் பாதிகளையும் இரண்டிரண்டாக வெட்டினாள்.