இருபத்திரண்டு வருட அனுபவம்

மற்றவர்களுக்கு வேலை வாய்ப்பு பத்திரிகையில் வரும். எனக்கு அது கொத்தமல்லி சுற்றிய காகிதத்தில் வந்தது.

கொண்டுவந்தவன் ஜவாஹிர். பேராதனையில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்து, என் சவர்க்காரத்தைத் தேய்த்துக் குளித்து, என் குறிப்புகளைப் படித்துப் பாஸானவன். அவனுடைய வாப்பாவுக்கு மாத்தளை டவுனில் பலசரக்குக் கடை. பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வாங்கி அதில்தான் சரக்குச் சுற்றுவார்கள். 1966இல் இறுதிப் பரீட்சை முடிந்ததும் அவனைக் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். சரக்குச் சுற்றுகிற சாக்கில் அவன் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். வாங்க வந்தவர்கள் நின்று நின்று அலுத்துப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

"மச்சான், இதப் பாரு. ஒனக்குன்னே அடிச்சு வச்சிருக்கு" என்று காகிதத்தை நீட்டினான். கொத்தமல்லியைத் தட்டிவிட்டுப் படித்தேன். பேராதனையில் தேயிலைச் செடி பற்றி ஒரு ஆராய்ச்சித் திட்டம். தாவரவியல் படித்த உதவியாளர் ஒருவர் தேவை. ஒரு வருடத்துக்குச் சம்பளம் உண்டு, அந்த வேலையை வைத்தே மேல்பட்டத்துக்கும் பதியலாம்.

அதற்கு முன் நான் பதினொரு விண்ணப்பம் போட்டிருந்தேன். நான்குக்குப் பதில் வந்தது, நான்கிலும் வருந்தியிருந்தார்கள். மற்ற ஏழு பேர் வருந்தக்கூட இல்லை. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போனது எதற்கு என்று லயத்தில் எல்லோரும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். இதுவும் தவறினால் ஆராய்ச்சி என்ற ஆசையையே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். எனக்கோ அது உயிர்.

பத்திரிகை பன்னிரண்டு நாள் பழையது. முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருந்தது. இரண்டு நற்சான்றுக் கடிதம் வேண்டும், இரண்டும் முத்திரையிட்ட உறையில். ஒன்று பேராசிரியரிடமிருந்து. அது கையில் இருந்தது. இன்னொன்று, விண்ணப்பிப்பவரைச் சிறு வயது முதல் அறிந்த பொறுப்புள்ள ஒருவரிடமிருந்து.

"எங்க வாப்பா தருவாரு" என்றான் ஜவாஹிர்.

"உங்க வாப்பா நான் சாப்பிடுறத மட்டுந்தான் பாத்திருக்காரு" என்று சொல்லிவிட்டு எல்கடுவ பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்தில் பொறுப்புள்ளவர் என்றால் அதை நடத்துகிற தொரை. தொரையைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய கிளாக்கர் மாணிக்கவாசகம் ஐயாவைப் பார்க்க வேண்டும். கிளாக்கரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒப்பீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். பட்டதாரி என்பதற்காக எனக்கு ஒரு சலுகை கிடைத்தது: ஜன்னலுக்கு அருகில் நிற்க விட்டார்.

விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன். ஐயா கண்ணாடியைத் துடைத்தார்.

"நற்சான்றிதழ்தானே? முப்பது வருசமா நான் எழுதுறதே அதுதான். நாளைக்கு சனிக்கிழமை, தொரை கையெழுத்துப் போடுற நாள். மத்தியானம் வந்து எடுத்துக்க."

சனிக்கிழமைகளில் தொரை கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். லீவுக் கடிதம், பிரசவச் செலவுக் கடிதம், சவப்பெட்டிப் பலகைக்கு அனுமதி எல்லாம் ஒரே அடுக்காக வரும். தொரை மேலே பார்க்காமல், கீழே பார்க்காமல், காற்பந்துப் போட்டிக்கு நேரமாகிறதே என்று கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். என் கடிதமும் அப்படியே ஒப்பமாகி, அரக்கு வைத்த உறைக்குள் போய், என் கைக்கு வந்தது. திறந்து பார்க்க வழியில்லை. கும்பிட்டுவிட்டுத் தபாலில் சேர்த்தேன்.

இரண்டு வாரத்தில் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. ஜவாஹிர் தன் கறுப்புச் சப்பாத்தை இரவல் தந்து ஒரு புத்திமதியும் தந்தான். "எதக் கேட்டாலும் யெஸ் சேர் சொல்லு மச்சான். நோ சொன்னவனுக்கு இந்த நாட்டுல ஒருத்தனும் வேல குடுத்ததில்ல."

சப்பாத்து ஒரு அளவு சிறியது. புத்திமதி எத்தனை அளவு பெரியது என்று அப்போது தெரியவில்லை.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் திட்டத் தலைவரான டொக்டர், மெலிந்த கண்டிச் சிங்களவர். பக்கத்தில் ஒரு தடித்த மனிதர், மூலையில் குறிப்பெடுக்கும் அம்மையார். இலைத் துளைகளைப் பற்றிக் கேட்பார்கள் என்று இரண்டு இரவு படித்திருந்தேன். டொக்டர் என் உறையிலிருந்த கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"மழை பெய்தாலும் வேலையை விட்டு இறங்க மாட்டீர்களாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தொரை என்னைப் பற்றி இவ்வளவு நல்லபடியாக எழுதியிருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்தது. "யெஸ் சேர்."

"குடிப்பழக்கம் இல்லை. தோட்டத்தில் சண்டை போட்டதில்லை. ஒரு தடவைகூட அரைப்பேர் வாங்கியதில்லை."

அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம். வேலையைச் சரியாக முடிக்காதவருக்குக் கங்காணி போடுகிற தண்டனை. அது என் கடிதத்தில் என்ன செய்கிறது? "யெஸ் சேர்" என்றேன்.

"ஒரு நாளைக்கு இருநூற்று அறுபது செடி கவ்வாத்து வெட்டுவீர்கள்."

என் பேர் சிவலிங்கம். என் இருபத்து மூன்று வயதில் நான் வெட்டியது என் நகத்தை மட்டும்தான். தேயிலைச் செடியை இடுப்பளவில் வெட்டிவிடுகிற கவ்வாத்து, எங்கள் மலையில் கை உரமுள்ள ஆண்களின் வேலை. நல்ல வெட்டுக்காரரே நூற்றெண்பதுக்கு மேல் போவது கஷ்டம். இல்லை என்று சொன்னால் தொரை பொய்யர் ஆவார், கடிதம் குப்பைக்குப் போகும், கூடவே நானும் போவேன்.

"யெஸ் சேர்."

தடித்தவர் கடிதத்தை எட்டிப் பார்த்தார். "இருபத்திரண்டு வருட சேவை என்று இருக்கிறதே. ஒரு வயதிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா?"

இப்போதாவது வாயை மூடியிருக்கலாம். பழக்க தோஷம், "யெஸ் சேர்" என்று வந்துவிட்டது. மூலையில் அம்மையார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சோதனைத் தோட்டத்துக்கு வாருங்கள். கத்தியையும் கொண்டு வாருங்கள். ஒரு வரிசை வெட்டிக் காட்டினால் போதும்" என்றார்.

நேராகத் தோட்டத்து ஒப்பீஸ் ஜன்னலுக்குப் போனேன். இந்தத் தடவை ஜன்னலுக்கு உள்ளேயே தலையை விட்டேன்.

"கிளாக்கரையா, என்ன எழுதினீங்க?"

அவர் அசரவில்லை. கோப்பை எடுத்துக் கடிதத்தின் பிரதியைக் காட்டினார். தோட்டத்தை விட்டுப் போகிற தொழிலாளிக்குக் கொடுக்கிற பத்துச்சீட்டு, அதே வாசகம், அச்சுப் பிசகாமல் தட்டெழுத்தில் அடித்திருந்தது. மேலே என் பேர்.

"நற்சான்றிதழ்னா இந்தத் தோட்டத்துல இது ஒண்ணுதான். நானூறு பேருக்குக் குடுத்திருக்கேன், ஒருத்தன் திரும்பி வந்ததில்ல" என்றார்.

"அது சரி ஐயா. கவ்வாத்து எப்ப வெட்டினேன் நான்?"

"நீ எங்க வெட்டின? வேலைக்கு வந்தவங்க பேரு போடுற செக்ரோல்ல உம் பேர தேடித் தேடிப் பாத்தேன், ஒரு நாள் பேருகூட இல்ல. வேலையே செய்யாதவனுக்கு எப்படிச் சீட்டுக் குடுக்கிறது? புள்ளைக்கு வேலை கிடைக்கணுமேன்னு அப்பன் கணக்க எடுத்து உனக்குப் போட்டேன். இதுக்கு நீ எனக்கு ஒரு வெத்தலையாவது வாங்கித் தரணும்."

அவர் முகத்தில் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிரதியை வாங்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். வழியில் அவர் வீட்டுச் செவ்வரத்தை வேலியில் என் பேனாக்கத்தியால் கவ்வாத்துப் பழகிப் பார்த்தேன். ஆறு கிளை வெட்டுவதற்குள் இரண்டு விரலில் வெட்டு விழுந்தது. வேலியைப் பார்த்தால் மாடு மேய்ந்ததுபோல் இருந்தது.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா சாய்ந்து உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அழகமுத்து என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் வாயைத் திறந்து பேசுவது வருடத்துக்கு நாலு தடவை. அதில் மூன்று தடவை மழையைப் பற்றி.

"அப்பா, செவ்வாக்கெழம வரைக்கும் ஒங்க கத்தி வேணும்."

கல்லில் கத்தி நின்றது. "எதுக்கு?"

சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"இதத் தொடக்கூடாதுன்னுதான்டா உன்னய பத்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போக வச்சேன். பட்டம் வாங்கிட்டுத் திரும்பி வந்து கத்தியக் கேக்குறியா? தொட்டுப் பாரு, கையை ஒடிச்சுப்புடுவேன்."

"தொடாம எப்படிங்க வெட்டுறது? அதுக்கும் பேராதெனையில ஏதாச்சும் படிச்சுக் குடுத்திருப்பாங்களோ என்னமோ" என்றார் அம்மா நல்லம்மா, அடுப்படியிலிருந்து.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் ஒங்களாலதான். ஒங்களப் பத்தி எழுதினத எம்மேல ஒட்டி அனுப்பிட்டாரு கிளாக்கர்" என்று காகிதத்தை ஆட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

கோபத்தோடுதான் வாசிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இருபத்திரண்டு வருட சேவை. மழையிலும் மலையை விட்டு இறங்காதவர். ஒரு அரைப்பேர்கூடப் போடப்படாதவர். நாளொன்றுக்கு இருநூற்று அறுபது செடி, வெட்டிய செடியில் பட்டுப்போனது மிகக் குறைவு. இத்தோட்டத்தின் மிகச் சிறந்த கவ்வாத்துக்காரர். வாசிக்க வாசிக்க என் குரலில் இருந்த கோபம் எங்கேயோ போய்விட்டது.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா வாசி" என்றார்.

வாசித்தேன். கடைசி வரி வந்ததும் எழுந்து நின்றார். "மிகச் சிறந்தவருன்னு எழுதி வச்சிருக்கானுங்களா? இருபத்திரெண்டு வருசத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன் எங்கிட்டச் சொல்லலியே! 'ஏய் அழகமுத்து, சீக்கிரம் வெட்டுறா'ன்னுதானே கத்துனானுங்க!"

அவர் கண் கலங்கியதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கிளாக்கருக்குத் தெரிந்திருந்தது, செக்ரோலுக்குத் தெரிந்திருந்தது, அவர் பெற்ற பிள்ளைக்கு அது தெரியாது.

"கையெழுத்து யாரு?" என்று கேட்டார்.

"தொரைதான்."

"சரி. செவ்வாக்கெழம நான் வர்றேன். நீ வெட்டினா எம் பேரு கெட்டுப்போயிரும்."

செவ்வாய்க்கிழமை இருவரும் முதல் பஸ் பிடித்தோம். வெள்ளை வேட்டி கட்டி, கத்தியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு தடவை சாக்கைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

சோதனைத் தோட்டத்தில் டொக்டர் தொப்பியோடு காத்திருந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்: கிளாக்கர், பத்துச்சீட்டு, செக்ரோல், ஜவாஹிரின் புத்திமதி. "நான் ஒரு செடிகூட வெட்டியதில்லை சேர். மன்னிக்க வேண்டும். கடிதத்தில் இருக்கிறவர் இவர்."

"ஒரு வயதுக் குழந்தை கவ்வாத்து வெட்டாது என்பது எனக்கும் தெரியும். கத்தியோடு யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் காத்திருந்தேன்" என்றார் டொக்டர்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். வெட்ட ஆரம்பித்ததும் டொக்டர் தொப்பியைக் கழற்றினார். ஒரு கிளைக்கு ஒரே வெட்டு, இரண்டாவது வெட்டு இல்லை. வரிசை முடிந்ததும் டொக்டர் ஒரு வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்து, ஏன் எல்லா வெட்டுகளும் செடியின் நடுவைப் பார்த்துச் சரிந்திருக்கின்றன என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"நடுவாக்குல சரிச்சு வெட்டினா தண்ணி நிக்காது. தண்ணி நின்னா கட்டை அழுகும். வெளிப்பக்கம் சரிச்சா வெயில் சுடும். இதுகூடத் தெரியாமலா நாலு வருசம் படிச்ச?" என்றார்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். டொக்டர் அடுத்த கேள்வி கேட்டார், அதற்கடுத்தது, அதற்கடுத்தது. வருடத்துக்கு நாலு தடவை பேசுகிற மனிதர் அன்று பத்து மணி வரை பேசினார். என் கொப்பியில் பதினான்கு பக்கம் நிரம்பியது.

"இரண்டு வருடமாக இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்று தெரியவில்லை. எட்டு மணியிலிருந்து நீங்கள் செய்ததுதான் இந்த வேலை. முதலாம் திகதி வந்து சேருங்கள்" என்றார் டொக்டர்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "அந்தக் கடுதாசியக் கேளு" என்றார்.

டொக்டர் கோப்பிலிருந்து மூலக் கடிதத்தை எடுத்தார். சிவலிங்கம் என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே அழகமுத்து என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டு இரண்டு கைகளாலும் நீட்டினார். அப்பா இரண்டு கைகளாலும் வாங்கினார்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அப்பா கடிதத்தோடு தொரையின் முன்னால் போய் நின்றார். நான் கூட நின்றேன். தொரை தன் கையெழுத்திருந்த கடிதத்தை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார். மாணிக்கவாசகம் ஐயா வானத்தைப் பார்த்தார்.

"தொரைங்களே, இதுல எழுதியிருக்கிறது நெசம்னா, கவ்வாத்துக் கங்காணி வேலை மூணு வருசமாக் காலியாக் கிடக்குதுங்களே, அத ஏன் எனக்குக் குடுக்கல? பொய்யின்னா, பொய்யில ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கிளாக்கரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார், கிளாக்கர் செக்ரோலில் அப்பாவின் பேருக்கு நேரே ஏதோ எழுதினார்.

என் ஆராய்ச்சி வேலை சொன்னபடியே ஒரு வருடத்தில் முடிந்து, நான் மறுபடி கொத்தமல்லிக் காகிதம் படிக்கப் போனேன். அப்பா ஓய்வு பெறும்வரை கவ்வாத்துக் கங்காணியாகவே இருந்தார். விண்ணப்பமே போடாமல்.