கறி இல்லாத திங்கட்கிழமை

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். அன்று காலையில் என் வாய் சும்மா இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்துக்குப் பின்னால், இரண்டு வண்டி ஒதுங்க முடியாத சந்தில், நானும் என் கணவர் அர்மானும் இருபத்திரண்டு வருஷமாக உணவகம் நடத்துகிறோம். எட்டே மேசை. பேராலயக் கடிகாரத்தில் பன்னிரண்டரைக்கு அப்போஸ்தலர் பொம்மைகள் வலம் வந்து, சேவல் கூவி முடிந்ததும் எங்கள் சந்தில் கூட்டம் பிதுங்கும். எங்கள் உணவகம் இருக்கிற கட்டடம் போன வசந்தத்தில் எக்கெர்ட் என்பவர் கைக்குப் போனது. நாரை பொம்மை விற்கிற ஒருவருக்கு இடத்தைத் தரப் போவதாகச் சொல்லிவிட்டார். நாரை பொம்மை! இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

அர்மான்தான் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று அவரைச் சம்மதிக்க வைத்தார். திங்கட்கிழமை, கடிகாரச் சேவல் கூவியதும் வருகிறேன் என்றார். திங்கள் என்றால் எங்கள் ஊரில் பெக்கியோஃபா, கறியும் கிழங்கும் ஒரே மண்சட்டியில் வேகிற சாப்பாடு. அந்தக் காலத்தில் துணி வெளுக்கப் போகிற பெண்கள் மண்சட்டியை ரொட்டிக்காரரின் அடுப்பில் விட்டுவிட்டுப் போவார்கள். மூடியைச் சுற்றி மாவால் ஒட்டிவிட்டால், சாப்பிடுகிறவர் முன்னால், மேசையில்தான் உடைக்க வேண்டும். நடுவில் யாரும் திறக்கக் கூடாது.

மாடு, ஆடு, பன்றி மூன்றையும் முந்தின நாளே வெள்ளை ஒயினில் ஊறப் போட்டிருந்தேன். காலையில் சட்டியில் உருளைக்கிழங்கு, வெங்காயம், லீக்ஸ் தண்டு என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது ரொட்டி கொண்டு வருகிறவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நின்றான். வாசலுக்குப் போய் அவனை ஒரு பிடி பிடித்தேன். அதற்குள் அர்மான், மேலாகக் கிழங்கு அடுக்கியிருப்பதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நினைத்து, ஒரு பாட்டில் ஒயினை ஊற்றி, மாவை ஒட்டி அடுப்பில் வைத்துவிட்டார். மூடி ஒட்டியிருக்கிறதே என்று நானும் கேட்கவில்லை. அவர் கறி போட்டிருப்பார் என்று நான், நான் போட்டிருப்பேன் என்று அவர்.

பன்னிரண்டே காலுக்கு வெண்ணெய் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். கறிக் கிண்ணம் அப்படியே இருந்தது.

அடுப்பு கெட்டுவிட்டது என்று சொல்லி, தொத்திறைச்சியை வறுத்துக் கொடுத்துவிடலாம் என்றார் அர்மான். எனக்கும் ஆசைதான். ஆனால் சட்டி வேகிற வாசனை சந்து முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

எக்கெர்ட் வந்து உட்கார்ந்தார். கத்தியை வாங்கி மாவைத் தானே உடைத்தார். ஆவி அடங்கியதும் கரண்டியை விட்டுத் துழாவினார். அடி வரை போனார். என்னால் பார்க்க முடியவில்லை.

"தேடாதீங்க. கறி உள்ள குளிர்பெட்டியில இருக்கு. நான் கத்தப் போயிட்டேன், இவரு பாக்காம மூடிட்டாரு. இருபத்திரண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் இப்படி."

அவர் பரிமாறிக்கொண்டார், சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். ரொட்டியால் தட்டைத் துடைத்தார். அர்மான் மேசைத் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். போச்சு, மரியாதைக்குச் சாப்பிடுகிறார் என்றே நினைத்தேன்.

"கறியோட செய்ய எவ்வளவு நேரம் ஆகும் மதாம்?"

"ஒரு ராத்திரி ஊறணும். நாலு மணி நேரம் வேகணும்."

"அப்போ அடுத்த திங்கள் வர்றேன்."

"அடுத்த திங்கள் நாங்க இங்க இருப்போமான்னு நீங்கதானே சொல்லணும்?" என்றேன்.

"கறி இல்லாமயே இப்படி இருக்கு. கறியோட எப்படி இருக்கும்னு தெரியாம நான் யாரையும் காலி பண்ண மாட்டேன்," என்றார். பிறகு பையிலிருந்து வாடகை ஒப்பந்தத் தாளை எடுத்தார். "ஒன்பது வருஷத்துக்குப் போட்டுக்கலாமா?"

அர்மான் பேனா தேடி ஓடினார். நான் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதேன். என் சொந்தக் கடையில், சாப்பிட வருகிறவர்களின் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.